35, 40 வயசுல நர்சிங் முடிச்சவங்க முதல் வேலைக்கு எங்க போறது? அஞ்சு வழியும் அதோட மறைமுகச் செலவும்

பசங்களை ஸ்கூல்ல சேர்த்து விட்டுட்டு அப்புறமா டிஜிஎன்எம்ங்கற நர்சிங் டிப்ளமோ படிச்சவங்க, ஆஸ்பத்திரியிலயே வருஷக்கணக்கா அசிஸ்டென்ட்டா இருந்துட்டு நாமளும் படிச்சா என்னன்னு கிளம்பினவங்க, வீட்டுக்காரர் தவறினதுக்கு அப்புறம் பிஎஸ்சி நர்சிங் எடுத்தவங்கன்னு முப்பத்தஞ்சு தாண்டி கையில புது ரெஜிஸ்ட்ரேஷன் சர்ட்டிபிகேட்டோட நிக்கறவங்க இப்ப நிறைய. எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான். கார்ப்பரேட்ல சேரட்டுமா, பக்கத்து நர்சிங் ஹோம் போதுமா, தமிழ்நாடு அரசு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கற எம்ஆர்பி பரீட்சைக்கு படிச்சுக்கிட்டு வீட்ல இருக்கவா, இல்ல பேசாம ஜெர்மன் கத்துக்கவா?

21 வயசு பொண்ணுக்கு சொல்ற பதிலையே உங்களுக்கும் சொல்லி அனுப்பிடறாங்க, அங்கதான் சிக்கல். அந்தப் பொண்ணு தப்பான எடத்துல ரெண்டு வருஷம் போக்கினாலும் 23தான் ஆகும், திரும்ப ஆரம்பிக்கலாம். நீங்க 38ல அதே தப்பைப் பண்ணினா 40 ஆகிடும், அதுக்குள்ள சில பரீட்சைக்கு அப்ளிகேஷனே போட முடியாது. அதனால சம்பளத்தை முதல்ல பாக்காதீங்கன்னுதான் நான் சொல்வேன், முதல் ரெண்டு வருஷம் உங்களுக்கு என்ன சம்பாதிச்சுக் குடுக்கும்னு பாருங்க, காசு அதுல ஒரு பகுதி மட்டும்தான். வார்டு இன்சார்ஜா இருந்து புதுசா வர்றவங்களுக்கு டூட்டி லிஸ்ட் போட்டுப் பழகினவ சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

## எதை வெச்சு எடை போடறது

பக்கத்துல நின்னு சொல்லிக்குடுக்க ஆள் இருக்கா. இதைத்தான் நான் முதல்ல வைப்பேன். வயசான ஃப்ரெஷருக்கு இருக்கற ஒரு வினோதமான கஷ்டம் வெளிய இருந்து பாத்தா தெரியாது. உங்க பக்கத்துல 24 வயசு இன்சார்ஜ் நிப்பாங்க, ஆனா பேஷன்ட்டோட அட்டெண்டர் நேரா உங்ககிட்ட வந்து "பெரிய சிஸ்டர், இந்த ஊசி எதுக்கு"ன்னு கேப்பாரு. ரவுண்ட்ஸ் வர்ற டாக்டரும் முகத்தைப் பாத்துட்டு சீனியர்னு நெனச்சு மடமடன்னு ஆர்டர் சொல்லிட்டுப் போய்டுவாரு, உங்களுக்கு தெரியலைன்னு சொல்ல வாய் வராது. சின்னப் பொண்ணு தெரியாதுன்னு சொன்னா யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க, நீங்க சொன்னா ஒரு மாதிரி பாப்பாங்க, அந்தப் பார்வைக்கு பயந்து தெரிஞ்ச மாதிரி தலையாட்டறதுதான் ஆபத்து. இன்சுலின் சிரிஞ்சுல செவப்பு மூடி 40 யூனிட், ஆரஞ்சு மூடி 100 யூனிட், இதை மாத்தி எடுத்தா டோஸ் ரெண்டரை மடங்கு ஏறும் இல்ல குறையும். புத்தகத்துல படிச்சிருப்பீங்க, ஆனா ராத்திரி மூணு மணிக்கு ஒருத்தர் பக்கத்துல நின்னு "அக்கா மூடி கலர் பாருங்க"ன்னு சொல்ற எடமா அதுன்னு பாக்கணும்.

லெட்டர் செல்லுமா. ரெண்டு வருஷம் கழிச்சு நீங்க கையில வெச்சிருக்கப் போறது எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர். அதுல எத்தனை படுக்கை ஆஸ்பத்திரி, எந்த யூனிட், ஸ்டாஃப் நர்சாவா இல்ல வேற பேர்லயான்னு இருக்கறதை வெச்சுத்தான் அடுத்த வேலை.

வயசு வரம்பு. ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வொரு கணக்கு, கீழ தனித்தனியா சொல்றேன்.

உடம்பும் நைட்டும். முட்டி, இடுப்பு எல்லாரும் சொல்றதுதான். யாரும் சொல்லாதது கண்ணு. நாப்பதைத் தொடும்போது வெள்ளெழுத்து வந்துடும், ஆம்பியூல் மேல இருக்கற பொடி எழுத்தும் மங்கின லைட்ல குழந்தை கையில நரம்பும் தெரியாது. படிக்கற கண்ணாடி ஒண்ணு வாங்கி கயிறு கட்டி கழுத்துல போட்டுக்கங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. கண்ணாடி போட்டுட்டு ஒரே குத்துல கேனுலா போடறவங்களைத்தான் பேஷன்ட் தேடுவாங்க.

கைக்கு வர்ற காசு. சொல்ற சம்பளத்தை விட்டுடுங்க, பிடித்தம், தங்கற செலவு, பஸ், வீட்ல பசங்களைப் பாத்துக்க ஆள் வெச்சா அதுக்கு, எல்லாம் போக என்ன மிஞ்சும்னு பாருங்க. கூடவே பிஎஃப். பிஎஃப் பென்ஷன் வரணும்னா மொத்தம் 10 வருஷ சர்வீஸ் வேணும், அந்தக் கணக்கு 58 வயசோட நின்னுடும். 38ல ஆரம்பிச்சா தாராளமா நேரம் இருக்கு, 46ல ஆரம்பிச்சா இடையில ரெண்டு வருஷம் பிஎஃப் இல்லாத எடத்துல இருந்தாலே கணக்கு இழுக்கும். படிக்கறதுக்கு முன்னாடி பனியன் கம்பெனி, மில்லுன்னு எங்கயாவது வேலை பாத்து பிஎஃப் பிடிச்சிருந்தாங்கன்னா அந்த பழைய பிஎஃப் நம்பரையே, அதாவது யூஏஎன் நம்பரையே புது எடத்துலயும் குடுங்க, பணத்தை எடுக்காம விட்டிருந்தா அந்த சர்வீசும் சேரும். இதை நிறைய பேர் மறந்துட்டு புது நம்பர் வாங்கிடறாங்க.

அவசரத்துல இருக்கறவங்களுக்கு ஒரு டேபிள், ஊர் ஆஸ்பத்திரியை மட்டும் பெருசு சிறுசுன்னு ரெண்டா பிரிச்சிருக்கேன், ஆனா இதை மட்டும் பாத்து முடிவு பண்ணிடாதீங்க:

| வழி | சொல்லிக்குடுக்க ஆள் | நைட் டூட்டி | லெட்டருக்கு மதிப்பு | வயசு இடிக்குமா | மறைஞ்சிருக்கற செலவு |
|---|---|---|---|---|---|
| பெரிய கார்ப்பரேட் | இருக்கும், ட்ரெய்னிங்கும் உண்டு | கட்டாயம் | நல்லா செல்லும் | இன்டர்வியூல மறைமுகமா | ஹாஸ்டல், பாண்ட், வேகம் |
| 50 முதல் 150 படுக்கை ஊர் ஆஸ்பத்திரி | ஆளைப் பொறுத்து | உண்டு, பேசலாம் | செல்லும் | கிட்டத்தட்ட இல்ல | குறைஞ்ச சம்பளம் |
| குட்டி நர்சிங் ஹோம் | இருக்காது | நீங்க தனியா | பல எடத்துல செல்லாது | இல்ல | முழு பொறுப்பும் உங்க தலையில |
| அரசு வேலை, காண்ட்ராக்ட் | எடத்தைப் பொறுத்து | பெரும்பாலும் உண்டு | ரொம்ப செல்லும் | நோட்டிபிகேஷனைப் பாக்கணும் | காத்திருக்கற வருஷம் |
| டயாலிசிஸ், ஹோம் கேர் | டயாலிசிஸ்ல உண்டு | டயாலிசிஸ்ல கம்மி | ஒரு வட்டத்துக்குள்ள | இல்ல | வார்டு கை மறந்துடும் |
| வெளிநாடு | அங்க போனப்புறம் | உண்டு | ரொம்ப | நாட்டுக்கு நாடு | மொழி, பரீட்சை, ஏஜென்ட் |

## பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரி

நல்லதை முதல்ல சொல்லிடறேன். சேர்ந்ததும் இன்டக்‌ஷன்னு ஒண்ணு இருக்கும், மூச்சு, இதயத் துடிப்பு நின்னா என்ன பண்ணணும்னு சொல்ற பிஎல்எஸ் ட்ரெய்னிங் குடுப்பாங்க, எதுக்கும் ஒரு எழுதின முறை இருக்கும், என்ஏபிஹெச் தரச் சான்று இருக்கற எடம்னா மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் பாத்து கையெழுத்து போடற பழக்கம் எல்லாம் வந்துடும். ஐசியூ போட்டாங்கன்னா வென்டிலேட்டர் பேஷன்ட்டை பாக்கக் கத்துக்குவீங்க, அது பின்னாடி வெளிநாட்டுக்கும் எய்ம்ஸ் மாதிரி எடத்துக்கும் பெரிய பலம். கம்ப்யூட்டர்ல எல்லாம் எழுதணுமேன்னு பயப்படறவங்க நிறைய, அது ரெண்டு மூணு வாரத்துல பழகிடும், வாட்ஸ்அப்ல பதில் போடத் தெரிஞ்சவங்களுக்கு அது பெரிய விஷயமே இல்ல.

இப்ப இன்னொரு பக்கம். இன்டர்வியூல வயசைப் பத்தி நேரா கேக்க மாட்டாங்க, "நைட் ஓகேவா, குழந்தைங்களை யார் பாத்துக்குவா, உங்களை விட சின்னவங்க சொன்னா கேப்பீங்களா"ன்னு சுத்தி வளைச்சு வரும். முகத்தை சுருக்காம ஒரே வரியில பதில் சொல்லுங்க, "அம்மா கூட இருக்காங்க, நைட் பண்ணுவேன், சொல்லிக்குடுக்கறவங்க யாரா இருந்தாலும் எனக்கு சிஸ்டர்தான்". அதுக்கு மேல விளக்கம் குடுக்கவே வேண்டாம்.

காசுக் கணக்கைப் பாப்போம். உதாரணத்துக்கு சம்பளம் 18,000, அதுல பேசிக் 15,000ன்னு வெச்சுக்கங்க. பிஎஃப் 12 சதவீதம் 1,800, ஈஎஸ்ஐ 0.75 சதவீதம் 135, கைக்கு 16,065. ஹாஸ்டல், மெஸ்ஸுக்கு ஒரு 5,500 பிடிச்சா 10,500 சொச்சம். மாசம் ரெண்டு தடவை ஊருக்குப் போய்ட்டு வந்தா ஆயிரம் காலி. இங்க ஊர்லயே நடந்து போற தூரத்துல 12,000 குடுக்கற ஆஸ்பத்திரி இருந்தா எது பெரிய சம்பளம்னு நீங்களே பாத்துக்கங்க. ஹாஸ்டல் ரூம்ல 21, 22 வயசு பொண்ணுங்களோட தங்கி அவங்க ராத்திரி ஒரு மணிக்கு ரீல்ஸ் பாத்து சிரிக்கறதை பொறுத்துக்கறது வேற கணக்கு, அதை ரூபாயில சொல்ல முடியாது.

பாண்ட் விஷயத்துல ஜாக்கிரதை. ரெண்டு வருஷம் இருக்கணும், இல்லன்னா இவ்வளவு கட்டணும்னு கையெழுத்து வாங்கறதும், ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி பீரோவுல வெச்சுக்கறதும் இன்னும் சில எடத்துல நடக்குது. ஜெராக்ஸ் குடுங்க, ஒரிஜினலைக் காமிச்சுட்டு கையோட திருப்பி வாங்கிட்டு வாங்க. நடுவுல எம்ஆர்பி கவுன்சிலிங் வந்துட்டா ஒரிஜினலுக்காக ஹெச்ஆர் வாசல்ல நிக்கற நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

யாருக்கு இது சரி: வயசு 35க்குள்ள, வீட்ல பசங்களைப் பாத்துக்க நம்பிக்கையான ஆள் இருக்கு, ரெண்டு மூணு வருஷத்துல வெளிநாடு இல்ல மத்திய அரசு வேலைன்னு ஒரு தெளிவான குறி இருக்கு, இவங்க கண்ணை மூடிட்டு போகலாம். அப்படி ஒரு குறி இல்லாம பேருக்காக மட்டும் போனா ஆறே மாசத்துல சோர்ந்து திரும்பறதைத்தான் நான் அதிகம் பாத்திருக்கேன்.

## ஊர்ல இருக்கற ஆஸ்பத்திரி

நர்சிங் ஹோம்னு எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து சொல்லிடறோம், ஆனா இதுல ரெண்டு ஜாதி இருக்கு. 50, 100 படுக்கையோட ரெண்டு மூணு வார்டு, ஆபரேஷன் தியேட்டர், சின்ன ஐசியூ, டிரஸ்ட் இல்ல மிஷன் நடத்தற ஆஸ்பத்திரி ஒரு வகை. டாக்டர் வீட்டுக்குக் கீழ பத்துப் பதினஞ்சு படுக்கையோட நடக்கறது இன்னொரு வகை.

முதல் வகைதான் என்னைக் கேட்டா வயசான ஃப்ரெஷருக்கு பெரும்பாலும் பொருத்தமான எடம். வருஷக்கணக்கா அங்கயே இருக்கற நாப்பது அம்பது வயசு சிஸ்டருங்க இருப்பாங்க, அவங்களுக்கு உங்க கஷ்டம் புரியும், "வா கண்ணு, இப்படிப் பிடி"ன்னு கையைப் பிடிச்சு சொல்லிக்குடுப்பாங்க. டெலிவரி, ஆபரேஷன் முடிஞ்சு வர்ற கேஸ், பாம்புக்கடி, பூச்சிமருந்து குடிச்சு வர்றவங்கன்னு எல்லாத்தையும் பாப்பீங்க. டூட்டி டைம் பேச முடியும், புருஷன் நைட் ஷிஃப்ட்டுன்னா உங்களுக்கு அந்த வாரம் மார்னிங் போடச் சொல்லலாம், மனுஷங்க மனுஷங்களோட பேசற எடம்.

ஒரு சின்ன விஷயம், ஈவினிங் ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியுதுன்னு கேட்டுட்டு உங்க ஊருக்கு கடைசி டவுன் பஸ் எத்தனைக்குன்னும் பாருங்க. டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட் இல்ல, பஸ்ஸே இல்லைன்னா என்ன பிரயோஜனம். எட்டரைக்கு ஷிஃப்ட் முடிஞ்சு ஹேண்டோவர் குடுத்து வெளிய வர்றப்ப ஒம்போது ஆகிடும், தினம் ஆட்டோவுக்கு நூத்தம்பது குடுத்தா அந்த சம்பளத்துல என்ன மிஞ்சும்.

சம்பளம் குறைவு, அதை மறைக்க வேண்டாம். மாவட்டத்துப் பக்கம் ஃப்ரெஷருக்கு 12,000ல இருந்து 15,000ன்னுதான் நான் கேள்விப்படறது, அதுக்கும் கீழ குடுக்கறவங்களும் இருக்காங்க. இத்தனைக்கும் 2016ல சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி மத்திய அரசு போட்ட கமிட்டி தெளிவா சொல்லியிருக்கு, 200 படுக்கைக்கு மேலன்னா அந்த மாநில அரசு நர்சுக்கு என்னவோ அதே சம்பளம், 100க்கு மேலன்னா 10 சதவீதத்துக்கு மேல குறையக்கூடாது, 50ல இருந்து 100ன்னா 25 சதவீதத்துக்கு மேல குறையக்கூடாது, 50க்கு கீழ இருந்தாலும் 20,000 குடுக்கணும்னு. பரிந்துரை பரிந்துரையாவே கெடக்குது. இருந்தாலும் பேசறப்ப இந்த நம்பரைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு பேசறதுக்கும் தெரியாம பேசறதுக்கும் வித்தியாசம் உண்டு.

ரெண்டாவது வகை, அந்த பத்துப் பதினஞ்சு படுக்கை. அங்க ரெஜிஸ்டர் பண்ணின நர்ஸ் பல நேரம் நீங்க ஒருத்தர்தான் இருப்பீங்க, மத்தவங்க எல்லாம் டாக்டர்கிட்டயே வேலை பழகின பொண்ணுங்க. நல்லா பழகினவங்கதான், கேனுலா உங்களை விட வேகமா போடுவாங்க, ஆனா ஏதாவது ஆச்சுன்னா ரெக்கார்டுல நிக்கறது உங்க நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர். வயசு கூடன்னு பாத்ததுமே "சிஸ்டர் பொறுப்பானவங்க, நைட்டைப் பாத்துக்குவாங்க"ன்னு முதல் மாசமே தனியா விட்டுடுவாங்க, இதைப் பாராட்டா எடுத்துக்காதீங்க. டாக்டர் மாடியில தூங்கறாரு, கீழ பிரசவம் முடிஞ்ச அம்மாவுக்கு ரத்தம் நிக்கல, ஃபோன் பண்ணி அவரு இறங்கி வர்ற வரைக்கும் என்ன பண்ணணும்னு உங்களுக்கு கை தானா போகணும், ஃப்ரெஷருக்கு அது போகாது. இன்னொண்ணு, 50 படுக்கைக்கு கீழ இருக்கற எடத்து லெட்டர் சில பரீட்சைக்கு செல்லவே செல்லாது. வீட்டுக்கு எதிர்லயே இருக்கு, வேற வழியே இல்லைன்னா போங்க, ஆனா ஆறு மாசம் மார்னிங் மட்டும்தான்னு முதல்லயே பேசிட்டுப் போங்க.

## அரசு வேலையும் காண்ட்ராக்டும்

எல்லாருக்கும் கனவு இதுதான், தப்பில்ல. ஆனா இதுல ரெண்டு மூணு வெவ்வேற விஷயம் கலந்து கெடக்கு.

எம்ஆர்பி முதல்ல. 2012ல இந்த போர்டு வந்துச்சு, 2015ல 7,243 நர்ஸ் போஸ்ட்டுக்கு பெரிய பரீட்சை வெச்சாங்க. பாஸ் பண்ணினா உடனே பர்மனென்ட்னு நெனச்சவங்களுக்கு மாசம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்தான் கெடச்சுது, ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு சொன்னது காலியிடத்தைப் பொறுத்து இழுத்துக்கிட்டே போச்சு, 2017 நவம்பர்ல தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல உக்காந்து போராடினாங்க. அப்புறம் 14,000 ஆச்சு, 18,000 ஆச்சு. கொரோனா சமயத்துல அவசரமா எடுத்தவங்கள்ல 2,000 பேருக்கு மேல 2022 டிசம்பர் 31ஓட வேலை முடிஞ்சுதுன்னு அனுப்பிட்டாங்க. இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லல. 39 வயசுல சேர்றவங்க நிரந்தரம் ஆக பல வருஷம் ஆகலாம்னு கணக்குல எடுத்துக்கணும், ஓய்வு வயசு 60, மிச்சம் எத்தனை வருஷம் முழுச் சம்பளம் வாங்குவோம்னு பேப்பர்ல போட்டுப் பாருங்க. போட்டாலும் பெரும்பாலும் லாபமாத்தான் வரும், ஆனா அந்த லாபம் காத்திருக்க முடிஞ்சவங்களுக்கு.

வயசு வரம்பு இங்க சமூகப் பிரிவைப் பொறுத்து ரொம்ப மாறும், பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்கன்னு விட்டுடாம நோட்டிபிகேஷன்ல அந்த பத்தியை ஒரு தடவை நீங்களே படிங்க. 40 தாண்டிட்டோமேன்னு அப்ளிகேஷனே போடாம விட்டவங்கள்ல தகுதி இருந்தவங்களும் உண்டு. தமிழ் தகுதித் தாள்ல 40 சதவீதம் எடுக்கணும், பத்தாம் வகுப்பு தரம்தான், பசங்க புத்தகத்தையே எடுத்துப் படிங்க. கணவர் இல்லாம ஆதரவு இல்லாத நிலையில இருக்கறவங்க ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் வருவாய் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) ஆஃபீஸ்ல வாங்கி வெச்சுக்கங்க, பெண்களுக்கான இடத்துல அவங்களுக்குன்னு 10 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு, வயசு வரம்புலயும் சலுகை உண்டு. சான்றிதழ் கைக்கு வர நாளாகும், நோட்டிபிகேஷன் வந்தப்புறம் ஓடாதீங்க.

மாவட்ட அளவுல தேசிய சுகாதார இயக்கத்தோட (என்ஹெச்எம்) காண்ட்ராக்ட் அடிக்கடி வரும், மாவட்ட வெப்சைட்லதான் போடுவாங்க, பேப்பர்ல தேடிக்கிட்டு இருக்காதீங்க. 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு வீடாப் போய் படுத்த படுக்கையா இருக்கறவங்களைப் பாக்கற நர்ஸ் வேலை, துணை சுகாதார நிலையத்துல எம்எல்ஹெச்பிங்கற இடைநிலை சுகாதாரப் பணியாளர் வேலை, இதெல்லாம் பகல் வேலை. எம்எல்ஹெச்பிக்கு 18,000 பக்கம். வயசானவங்க வீட்டுக்குப் போனா உங்க வயசு அங்க பலம், சின்னப் பொண்ணு சொன்னா சர்க்கரை மாத்திரையை விழுங்காத பெரியவரு நீங்க அதட்டினா விழுங்குவாரு. மைனஸ் என்னன்னா காண்ட்ராக்ட் வருஷா வருஷம் புதுப்பிக்கறதுதான், நிரந்தரம்னு யாராவது வாய்ல சொன்னா நம்பிடாதீங்க.

மத்திய அரசு பக்கம் எய்ம்ஸுக்கு நர்ஸ் எடுக்கற நார்செட் பரீட்சை. சம்பளம் லெவல் 7, பேசிக்கே 44,900ல ஆரம்பிக்கும். ஆனா வயசு 30, ஓபிசிக்கு 33, எஸ்சி எஸ்டிக்கு 35. 36ல முடிச்சவங்க இந்த ஆசையை விட்டுடலாம், கோச்சிங் சென்டர்ல பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க, அவங்களா சொல்ல மாட்டாங்க. 31, 32ல டிஜிஎன்எம் முடிச்ச ஓபிசி, எஸ்சி எஸ்டிக்காரங்களுக்கு இன்னொரு சிக்கல், டிஜிஎன்எம் படிச்சவங்களுக்கு 50 படுக்கைக்கு குறையாத ஆஸ்பத்திரியில ரெண்டு வருஷ அனுபவம் கேக்கறாங்க, அப்ப குட்டி நர்சிங் ஹோம்ல ரெண்டு வருஷம் போக்கினா அதோட கதை முடிஞ்சுது. மேல படுக்கைக் கணக்கை அவ்வளவு இழுத்துச் சொன்னதுக்கு இதுதான் காரணம்.

அரசு வேலை விஷயத்துல நான் அடிச்சுச் சொல்றது ஒண்ணுதான், அதுக்காக வீட்ல உக்காந்து படிக்காதீங்க. வேலையில இருந்துக்கிட்டே படிங்க. படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் வார்டுப் பக்கமே போகாம 40 வயசுல இன்டர்வியூக்கு வந்து நின்னா எந்த ஆஸ்பத்திரியும் அந்த இடைவெளியைத்தான் முதல்ல கேக்கும்.

## டயாலிசிஸ், ஹோம் கேர் மாதிரி வேலைங்க

நைட்டே முடியாதுங்கறவங்களுக்கு டயாலிசிஸ் சென்டர் நல்ல வழி. ஒரு பேஷன்ட்டுக்கு நாலு மணி நேரம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு ஷிஃப்ட், அதே முகங்க வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை வரும், பொறுமையும் பேச்சும் வேணும், ரெண்டுமே உங்க வயசுல தானா இருக்கும். மெஷின் பழக சில மாசம், அது வரைக்கும் டெக்னீசியன் கூட நிப்பாரு. ஆனா முழுசா ரத்தத்தோட இருக்கற வேலை, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூணு டோஸும் போடாம உள்ள போகாதீங்க, முதல் டோஸ்ல இருந்து மூணாவது டோஸுக்கு ஆறு மாசம் ஆகும், அதனால எந்த வேலைக்குப் போறதா இருந்தாலும் இப்பவே ஆரம்பிச்சுடுங்க.

ஹோம் கேர் ஏஜென்சி எனக்குப் பிடிக்காது, ஃப்ரெஷருக்கு. காசு ஆஸ்பத்திரியை விட கூட வரலாம், ஆனா 12 மணி நேரம் ஒரு பேஷன்ட்டோட யாரோ ஒருத்தர் வீட்ல தனியா, சந்தேகம்னா கேக்க ஆள் இல்ல, பாதி வீட்ல பாத்திரமும் கழுவச் சொல்லுவாங்க. அந்த அனுபவத்தை நர்சிங் அனுபவம்னு எடுத்துக்க அடுத்த ஆஸ்பத்திரி யோசிக்கும். அஞ்சாறு வருஷம் வார்டு பாத்துட்டு முட்டி வலிக்கறப்ப போறதுக்கு இது நல்ல எடம்.

டீச்சிங் போகலாமான்னும் கேக்கறாங்க. டிஜிஎன்எம் மட்டும் வெச்சுக்கிட்டு போக முடியாது, போஸ்ட் பேசிக் பிஎஸ்சி ரெண்டு வருஷம் படிக்கணும். வார்டைப் பாக்காம பாடம் நடத்தறவங்களை ஸ்டூடண்ட்ஸ் ஒரு வாரத்துல கண்டுபிடிச்சுடுவாங்க, அதுவும் சொல்லிடறேன்.

## வெளிநாடு

வயசானவங்களுக்கு வெளிநாடு இல்லவே இல்லைன்னு சொல்றதும் பொய், டக்குனு போயிடலாம்னு ஏஜென்ட் சொல்றதும் பொய்.

கல்ஃப்ல பெரும்பாலும் ரெண்டு வருஷ அனுபவம் கேப்பாங்க, அதுக்கப்புறம் சர்ட்டிபிகேட் எல்லாம் நிஜமான்னு பாக்கற டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு, லைசென்சுக்கு கம்ப்யூட்டர்ல எழுதற ப்ரோமெட்ரிக் பரீட்சை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கற தமிழ்நாடு அரசு நிறுவனம் ஓஎம்சிஎல் 1978ல ஆரம்பிச்சது, முதல்ல அங்க பதிவு பண்ணுங்க. ஆனா சவுதி மாதிரி எடத்துக்கு வர்ற விளம்பரத்துல பல நேரம் 35 வயசுக்குள்ளன்னே போட்டிருக்கும், 36ல படிப்பு முடிச்சவங்க அதுக்குள்ள அனுபவமும் சேர்க்க முடியாது, இது கணக்குலயே வராது.

இங்கிலாந்துக்கு வயசு வரம்பு இல்ல. ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சையில படிக்க, கேக்க, பேச 7, எழுத 6.5 எடுக்கணும், இல்ல மருத்துவத் துறைக்கான ஓஇடி இங்கிலீஷ் பரீட்சை எழுதணும், அப்புறம் சிபிடிங்கற கம்ப்யூட்டர் பரீட்சை இங்கயே, ஓஎஸ்சிஇங்கற செய்முறைப் பரீட்சை அங்க போய். முன்ன மாதிரி கூட்டம் கூட்டமா இப்ப எடுக்கறதில்ல, அதையும் யோசிச்சுக்கங்க.

ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி பி2ங்கற நிலை வரைக்கும் வேணும், வேலை பாத்துக்கிட்டே படிச்சா ஒன்றரை ரெண்டு வருஷம் ஆகிடும். நாப்பதுக்கு மேல புது மொழி வராதுன்னு சொல்றதை நான் நம்பறதில்ல, தினம் ரெண்டு மணி நேரம் உக்கார வீட்ல விடுவாங்களாங்கறதுதான் கேள்வி. முக்கியமான இன்னொண்ணு, 45 வயசு தாண்டி முதல் தடவையா வேலை விசா கேட்டா, சம்பளம் அவங்க சொல்ற ஒரு அளவுக்கு மேல இருக்கணும், இல்ல வயசான காலத்துக்குப் போதுமான ஏற்பாடு இருக்குன்னு காட்டணும். அப்ப 40ல முடிச்சவங்களுக்கு ரெண்டு வருஷம் வார்டு, கூடவே மொழி, அப்புறம் பேப்பர் வேலைன்னு பாத்தா 44 வந்துடும், தள்ளிப்போட நேரமே இல்ல. 38க்குள்ள முடிச்சவங்களுக்கு வசதியா இருக்கு.

ஏஜென்ட்டுக்கு எவ்வளவு குடுக்கறதுன்னு கேக்கறவங்களுக்கு: வெளியுறவுத்துறையில பதிவு பண்ணின ஏஜென்ட் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாய், அதுக்கு ஜிஎஸ்டி. மூணு லட்சம் அஞ்சு லட்சம்னு பேசினா எழுந்து வந்துடுங்க. பதிவு இருக்கான்னு வெளியுறவுத்துறையோட இமைக்ரேட் (eMigrate) வெப்சைட்ல பாக்கலாம், அஞ்சு நிமிஷ வேலை.

## சேர்றதுக்கு முன்னாடி கேட்டுட்டு சேருங்க

எந்த எடமா இருந்தாலும் இன்டர்வியூ முடியறப்ப "ஏதாவது கேக்கணுமா"ன்னு கேப்பாங்க, தலையாட்டிட்டு வந்துடாதீங்க. எத்தனை நாள் தனியா பேஷன்ட் குடுக்காம சீனியர் கூட போடுவீங்க, நைட்ல ஒரு வார்டுக்கு எத்தனை ஸ்டாஃப், பிஎஃப் ஈஎஸ்ஐ முதல் மாசத்துல இருந்தே உண்டா, ரிலீவ் ஆகறப்ப எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்ல படுக்கை எண்ணிக்கையும் யூனிட்டும் எழுதித் தருவீங்களா, இந்த நாலும் போதும். முதல் கேள்விக்கு "அதெல்லாம் நீங்களே பழகிடுவீங்க சிஸ்டர், பெரியவங்கதானே"ன்னு பதில் வந்தா அந்த எடம் வேண்டாம், சம்பளம் ரெண்டாயிரம் கூடன்னாலும் வேண்டாம். "பிஎஃப் எதுக்கு, கையிலயே சேர்த்துத் தர்றோம்"னு சொன்னா 10 வருஷக் கணக்கை நெனச்சுக்கங்க.

கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன்ல பேர், இனிஷியல், ஆதார், பத்தாவது மார்க் ஷீட் எல்லாம் ஒரே மாதிரி இருக்கான்னும் பாத்துடுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாத்தினவங்களுக்கு இது பெரிய தலைவலி, எங்கயாவது அப்பா இனிஷியல், எங்கயாவது புருஷன் இனிஷியல்னு இருக்கும், சர்ட்டிபிகேட் வெரிஃபிகேஷன்ல அங்கதான் நிறுத்துவாங்க. கெசட்ல மாத்தணும்னா அதுக்கும் மாசக்கணக்குல ஆகும், வேலை தேட ஆரம்பிக்கற அன்னைக்கே அதையும் ஆரம்பிச்சுடுங்க.